சோட்டா பீமும் பெருமிதச் சுவையும்

வீரக் கதை கேளாது வளர்ந்த குழந்தை எந்நாட்டிலும் இல்லை. ஓர் இனத்தார் வீரம் என்று எதனைக் கருதுகின்றனர் என்பதை அவர்தம் பேரிலக்கியங்களைக் கொண்டு அறிவதினும், தம் சிறுவர்க்கு அவர்கள் எக்கதையைச் சொல்லுகின்றனர் என்பதைக் கொண்டு அறிதல் எளிது. பேரிலக்கியத்தைக் கற்போர் சிலர். குழந்தைக் கதையைக் கேளாதார் ஒருவருமிலர். அன்றியும், இளமையில் உள்ளத்திற் பதிந்த வீரனே பின்னாளிற் கற்கும் காவியத் தலைவர்க்கெல்லாம் அளவுகோலாகி நிற்கின்றான்.

இக்காலத்தில் அவ்வளவுகோலைச் சமைத்துக் கொடுப்பது பெரும்பாலும் சித்திரப் படமேயாம். கார்ட்டூன் என யாவரும் வழங்கும் அப்படங்கள் முதலில் தொலைக்காட்சி வழியாகவும், பின்னர் இறுவட்டுக்கள் வழியாகவும், இப்பொழுது கைத்தொலைபேசி வழியாகவும் வீடுதோறும் புகுந்துள்ளன. மாத்தளை நகரத்து வீடுகளுக்கும், றத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ முதலிய பகுதிகளின் தோட்ட லயங்களுக்கும் இவ்வகையில் பெரிய வேற்றுமை இல்லை. அவ்வாறு புகுந்த வீரருள் தமிழ்ச் சிறுவர் நன்கறிந்த ஒருவன் சோட்டா பீம். பாரதத்து வீமனின் பெயரைத் தாங்கி வந்தமையால் அவன் தனியே ஆராயத்தக்கவன் ஆகின்றான்.

சித்திரப் படம் ஆராய்ச்சிக்குரிய பொருளோ எனச் சிலர் வினவலாம். நாட்டார் பாடலையும் கூத்தையும் பற்றி இதே வினா ஒருகாலத்தில் எழுந்ததுண்டு. மலையக மரபுக் கலைகளை மாத்தளை வடிவேலன் போன்றோர் தேடித் தொகுத்து எழுதிய பின்னர் அவ்வினாவின் வலி குன்றிற்று. குழந்தைகள் மீண்டும் மீண்டும் விரும்பிக் காணும் ஒன்றை ஆராயாது விடுதல் அக்குழந்தைகளையே பொருட்படுத்தாமை ஆகும். ஆதலின், பழந்தமிழர் சுவைக்கு வகுத்த அளவைகளைக் கொண்டே இப்புதிய படைப்பையும் அளந்து பார்த்தல் முறையாகும்.

தொடரின் வரலாறு

சோட்டா பீம் என்னும் பாத்திரத்தைப் படைத்தவர் ராஜீவ் சிலகா. ஹைதராபாத் நகரிலுள்ள கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனம் தயாரித்த இத்தொடரை 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் போகோ தொலைக்காட்சி ஒளிபரப்பிற்று. இந்தியில் எழுந்த இத்தொடர் தமிழிலும் தெலுங்கிலும் குரல் மாற்றப்பெற்றுப் பரவியது. இதன் வழியாக எழுந்த முழுநீளக் கதைகள் இறுவட்டுக்களாக விற்பனைக்கு வந்தன. 2012 இலும் 2013 இலும் திரையரங்குகளுக்கெனவும் படங்கள் ஆக்கப்பட்டன. 2019 இல் பீமைத் தவழும் குழந்தையாகக் காட்டும் உரையாடலற்ற தொடர் ஒன்று நெட்பிளிக்ஸ் வாயிலாக உலகெங்கும் சென்றது. 2024 இல் மனித நடிகரைக் கொண்ட திரைப்படமும் வெளிவந்தது.

கதை நிகழும் இடம் தோலக்பூர் என்னும் கற்பனை நாடு. இந்திரவர்மன் அதன் அரசன். இந்துமதி அவன் மகள். பீம் ஒன்பது வயதுச் சிறுவன். சுட்கி என்னும் சிறுமியும், ராஜு என்னும் சிறுபிள்ளையும், ஜக்கு என்னும் பேசும் குரங்கும் அவனுடைய தோழர். காலியா என்னும் பருத்த சிறுவனும், அவனைத் தொடரும் தோலு, போலு என்னும் இரட்டையரும் பீமின் போட்டியாளர். சுட்கியின் தாய் துன்துன் லட்டு செய்து விற்பவள். இடுக்கண் வரும்போது அவளுடைய லட்டுவைத் தின்றதும் பீமின் தோள் பூரிக்கும், பகை அழியும், ஊர் மகிழும். பெரும்பாலான கதைகளின் கட்டுக்கோப்பு இதுவே.

சூப்பர் ஹீரோ என வழங்கும் மீத்திற வீரன் என்னும் பாத்திர வகை அமெரிக்கச் சித்திரக் கதைகளிலிருந்து பரவியது. 1938 இல் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இருவர் ஆக்கிய சூப்பர்மேன் அச்சில் வந்தான். 1941 இல் அவனே சித்திரப் படத்திலும் பறந்தான். ஊரறியாத இரட்டை வாழ்வும், தனியான உடையும், மனிதர்க்கு மேற்பட்ட வலிமையும் அவனுக்கு இலக்கணமாயின. அவன் வழியில் வந்தோர் பலருக்கும் முகமூடி வேண்டியதாயிற்று. சோட்டா பீமுக்கோ முகமூடி இல்லை. செம்மஞ்சள் நிற வேட்டியோடு திறந்த மார்பினனாய் ஊர் நடுவே உலவுகின்றான். அவனுடைய ஆற்றலை ஊரெல்லாம் அறியும். தனியனாய் வானில் பறக்கும் மேலைநாட்டு வீரனினும், தோழரோடு தெருவில் விளையாடும் இச்சிறுவன் கீழைநாட்டுக் குழந்தைக்கு நெருங்கிய உறவினன் ஆதல் வியப்பன்று. படைத்தோரின் மதிநுட்பம் இவ்விடத்துப் பாராட்டற்பாலது.

பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகைச் சுவைகளை வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறினார். வீரச் சுவையை அவர் பெருமிதம் என்னும் பெயராற் குறித்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. கல்வி, அஞ்சாமையாகிய தறுகண், புகழாகிய இசைமை, கொடை என்னும் நான்கினாலும் அது பிறக்கும் என்பது அவர் கருத்து. இவற்றுள் போர்க்களத்தோடு நேரே தொடர்புடையது ஒன்றே. ஏனைய மூன்றும் மனிதனுடைய முழு வாழ்வையும் தழுவி நிற்பன. ஆகவே, தமிழர் கண்ட வீரம் தோள்வலி மாத்திரம் அன்று என்பது பெறப்படும்.

இந்நான்கினையும் உரைகல்லாகக் கொண்டு சோட்டா பீமை உரைத்துப் பார்க்கலாம். தறுகண் அவனிடத்து நிரம்ப உண்டு. அரக்கர், கொள்ளையர், மாயக்காரர் எவர் வரினும் அவன் பின்வாங்குவதில்லை. கல்வியை ஏட்டுக் கல்வி என்று குறுக்காது அறிவுத் திறன் எனக் கொள்ளின், அதுவும் ஓரளவு உண்டு. உடல்வலியால் ஆகாதவிடத்து உபாயத்தால் வெல்லும் காட்சிகள் தொடரில் இருக்கின்றன. இசைமை என்பதற்குப் பழியொடு வருவனவற்றைச் செய்யாமை என்று உரைகாரர் விளக்கம் தருவர். பீம் பொய் சொல்வதில்லை, எளியோரை வருத்துவதில்லை, தோற்ற பகைவனையும் மன்னிக்கின்றான். ஆகவே, அதுவும் அவன்பால் உண்டெனலாம்.

எஞ்சியது கொடை. பொருளை வழங்குதல் மாத்திரமன்றி, உடம்பையும் உயிரையும் பிறர்க்கென ஈதலும் ஈண்டுக் கொடையில் அடங்கும். பீம் பிறர்க்காகப் போராடுகின்றான் என்பது உண்மையே. ஆயின், அப்போராட்டத்தில் அவன் எதனை இழக்கின்றான்? காயம் நிலைப்பதில்லை, தோழர் மடிவதில்லை, வீடு அழிவதில்லை. இடையில் ஒருகால் தோல்வி நேரினும் அது அடுத்த லட்டு வருமளவும் நிற்கும் தோல்வியே. இழப்பில்லாத இடத்தில் ஈகைக்கு இடமில்லை. தன்னிடம் குறைவதற்கு ஒன்றுமில்லாதவன் கொடுத்தான் என்பது பெயரளவில் நிற்கும். ஆகவே, பெருமிதத்தின் நான்காம் தூண் இத்தொடரில் நாட்டப்படவில்லை என்க. இக்குறைபாட்டின் வேர் வேறொரு சுவையில் இருக்கின்றது. அதனைக் காண்பதற்கு மூலக் காவியத்தின் வீமனிடம் செல்லுதல் வேண்டும்.

பாரதத்து வீமனும் தோலக்பூர்ப் பீமும்

பாரதத்து வீமன் குற்றமற்ற சிறுவனாக வளர்ந்தவன் அல்லன். கௌரவச் சிறுவரை நீரில் அமிழ்த்தியும், அவர்கள் கனி பறிக்க ஏறிய மரத்தை உலுக்கி வீழ்த்தியும் அவன் களித்தான் என ஆதி பருவம் கூறும். அவன் மனத்திற் பகையில்லை. வலிமையின் செருக்கே இருந்தது. ஆயினும், அவ்விளையாட்டு மற்றவர்க்கு வேதனையாயிற்று. துரியோதனன் உள்ளத்திற் பகை முளைத்தற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. அதன் விளைவாகவே வீமன் நஞ்சூட்டப்பட்டுக் கங்கையில் எறியப்பட்டான். நாகர் உலகிற் புகுந்து, அங்குப் பெற்ற அமுத பானத்தால் பதினாயிரம் யானை வலி எய்தினான். அவனுடைய வலிமை வந்த வழி தின்பண்டக் கடை அன்று; மரணத்தின் வாயிலே ஆகும்.

தொடரை ஆக்கியோர் இவ்வீமனை இரண்டாகப் பிளந்துவிட்டனர் என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும். வலிமை, இரக்கம், நேர்மை ஆகியவற்றைப் பீமுக்கு அளித்தனர். பெருந்தீனி, தற்பெருமை, பிறரை வருத்தும் விளையாட்டு ஆகியவற்றைக் காலியாவுக்கு அளித்தனர். காவியத்தில் ஒருவன் நெஞ்சினுள்ளே நிகழ்ந்த போராட்டம், தொடரில் இரு சிறுவர் தெருவில் நிகழ்த்தும் போட்டியாயிற்று. இதனால் நகைச்சுவை பெருகிற்று. மெய்ப்பாட்டியல் கூறும் எள்ளலும் பேதைமையும் காலியாவிடத்து நன்கு அமைந்தன. ஆயினும், இழந்ததும் சிறிதன்று. காவியத்தைக் கேட்ட சிறுவன், வலியுடைய நல்லவனும் பிறரை நோகச் செய்வான் என்று அறிந்தான். தொடரைக் காணும் சிறுவன், நோகச் செய்பவன் எப்பொழுதும் வேறொருவன் என்றே அறிகின்றான். வகுப்பறையில் தன்னினும் எளியவனைத் தள்ளும் பையனும் திரையில் தன்னைக் காலியாவாகக் காண்பதில்லை, பீமாகவே காண்கின்றான்.

உணவுக்கும் வலிமைக்கும் உள்ள தொடர்பையும் இவ்வாறே ஒப்பிடலாம். ஓநாய் வயிற்றன் எனப் பொருள்படும் விருகோதரன் என்னும் பெயர் வீமனுக்கு உண்டு. ஏகசக்கர நகரில் பகாசுரனுக்கென ஒரு வண்டி நிறையச் சோறு கொண்டு சென்று, அரக்கன் கண்முன்னே அதனைத் தானே உண்டவன் அவன். கேட்போர் சிரிக்கும் கட்டமே அது. ஆயின், அச்சிரிப்பின் பின்னே ஒரு வீட்டின் அழுகுரல் இருக்கின்றது. அரக்கனுக்கு இரையாகச் செல்லவேண்டிய முறை வந்த அந்தணக் குடும்பத்தின் துயர் கேட்டு, அவர்கட்கு மாறாகத் தன் மகனையே அனுப்பினாள் குந்தி. தன் மகனின் வலிமையை நம்பிப் பிறர் துயர் துடைக்க அவனை விடுத்த அன்னையின் துணிவே அக்கதையின் உயிர்நாடி. லட்டுக் கதைகளில் உணவு உண்டு, வலிமை உண்டு, வெற்றி உண்டு, குந்தி இல்லை.

இனி, வலிமை பயன்படாத இடங்களையும் காவியம் மறைக்கவில்லை. மலர் தேடிச் சென்ற வீமன், வழியிற் கிடந்த முதிய குரங்கின் வாலைத் தூக்க மாட்டாது நாணி நின்றான். அது தன் தமையனாகிய அனுமன் எனப் பின்னர் உணர்ந்து வணங்கினான். சூதவையில் பாஞ்சாலி மானம் குலையக் கண்டும் தோள்களை அடக்கி இருக்க நேர்ந்தது. விராட நகரில் மடைத்தொழில் புரிந்து ஓராண்டு மறைந்து வாழ்ந்தான். பாரதப் போரில் மகன் கடோற்கசன் கர்ணனின் வேலால் மாண்டபோது, அத்துணை யானை வலியும் மகனை மீட்க உதவவில்லை. இவையனைத்தும் சேர்ந்தே வீமன் என்னும் மனிதன். இவற்றை நீக்கியபின் எஞ்சுவது அவன் பெயரும் கதையுமே.

அழுகைச் சுவையின் இன்றியமையாமை

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை, மருட்கை, அச்சம், வெகுளி, உவகை ஆகியன சோட்டா பீம் தொடரிற் பரந்து கிடக்கின்றன. இளிவரலும் காலியாவின் தோல்விகளில் சிறிது தோன்றும். பெருமிதம் முக்காற் பங்கு உண்டு என்பது மேலே கூறப்பட்டது. அழுகை ஒன்றே நிலைபெறாதது. இளிவு, இழவு, முன்னிலை கெட்டுத் தாழ்தலாகிய அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு நிலைக்களன்கள். இந்நான்கனுள் எதுவும் தோலக்பூரில் ஒரு பொழுதுக்கு மேல் தங்குவதில்லை. இழவை நீக்கியமையாலேதான் கொடையும் நீங்கிற்று. இரு சுவைகளும் ஒரே வேரிற் கிளைத்தவை; ஒன்றைக் களைந்தால் மற்றொன்றும் வாடும்.

இதன் உண்மையை மாத்தளைப் பகுதித் தோட்டங்களின் கூத்து மரபு நன்கு விளக்கும். மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடப்படும்போது தப்பின் ஓசை கேட்டுப் பிள்ளைகள் முன்வரிசையில் வந்து அமர்வர். தேவர் ஏவலால் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை இரதி தடுக்கின்றாள். தீங்கு நேரும் என்று அறிந்தும் அவன் செல்கின்றான். நெற்றிக்கண் நெருப்பில் எரிகின்றான். அதன்பின் எழும் இரதியின் புலம்பலே கூத்தின் உச்சம். மூன்றாம் நாளில் மன்மதன் மீண்டும் எழுவான் என்பதை அங்குள்ள ஒவ்வொரு குழந்தையும் அறியும். அறிந்திருந்தும் இரதியோடு சேர்ந்து அழுகின்றது. பொன்னர் சங்கர் கூத்திலும் உடன்பிறந்த இருவரும் படுகளத்தில் வீழ்தலும், தங்கை அவர்களைத் தேடி வருதலும் கண்டு முதியோரும் இளையோரும் ஒருங்கே கலங்குவர். அருச்சுனன் தவசிலோ, வில்வலி படைத்த பெருவீரன் வில்லை ஒருபுறம் வைத்து, உயர்ந்த தவக்கம்பத்தில் ஏறி நின்று வேண்டுகின்றான். இம்மூன்று கூத்துக்களிலும் வீரன் எதையேனும் இழக்கின்றான், அல்லது தன் வலியின் எல்லையை உணர்கின்றான். இவற்றை ஆடியோர் கொழுந்து பறித்தும் றப்பர் வெட்டியும் வாழ்ந்த உழைப்பாளரே. கடல் கடந்து, வடபுலக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோர் வழியில் எத்தனையோ பேரை இழந்தனர். அவர்தம் வழிவந்தோர் இழப்பறியா வீரனைத் தம் களரியில் ஏற்றாமை இயல்பேயாம்.

குழந்தையின் மெல்லிய உள்ளத்தில் துயரைப் புகுத்துதல் தகுமோ என்னும் தடை ஈண்டு எழக்கூடும். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் பாடும்போது தெய்வங்களின் கொலைச் செயல்களை விலக்கிப் பாடுக எனப் பாட்டியல் நூலார் விதித்தமையும் குழந்தையின் மென்மை கருதியே. செங்கீரை, சப்பாணி, அம்புலி முதலிய பருவங்களில் குழந்தையின் தவழ்தலும் கைகொட்டலும் நிலவை அழைத்தலுமே வீரச் செயல்களினும் மேலாகக் கொண்டாடப்பட்டன. அவ்வகையில் நோக்கின், 2019 இல் வந்த உரையாடலற்ற குழந்தைப் பீம் தொடர் பிள்ளைத்தமிழ் நெறிக்கு அணித்தாக வந்துள்ளது என்று கூறலாம். ஆயின், சோட்டா பீம் தொடரோ போரையும் அரக்கரையும் விலக்கவில்லை. அடியும் வீழ்ச்சியும் அதில் நிறைந்துள்ளன. அவற்றின் பயனாகிய துயரம் மாத்திரமே விலக்கப்பட்டது. போரை அடியோடு நீக்குதல் ஒரு நெறி. போரையும் அதன் துயரையும் ஒருங்கு காட்டுதல் மற்றொரு நெறி. போரைக் காட்டித் துயரை மறைத்தல் இவ்விரண்டினும் சேராது.

மற்றொரு செய்தியும் உண்டு. துயரை அறியாத குழந்தைகளுக்காக ஆக்கப்பட்டது போல இத்தொடர் தோன்றுகின்றது. அத்தகைய குழந்தைகள் எங்குளரோ! தாய் வெளிநாட்டில் வேலை செய்யப் பாட்டியிடம் வளரும் பிள்ளையும், மண்சரிவு எச்சரிக்கை கேட்டு இரவோடிரவாக இடம்பெயர்ந்த பிள்ளையும், தகப்பனை இழந்த பிள்ளையும் அதே படத்தைத்தான் காண்கின்றனர். தம் வாழ்வில் லட்டு வந்து தீர்க்காத துயரைத் தாங்குதற்கு அப்படம் அவர்கட்கு ஒரு சொல்லும் கொடுப்பதில்லை. இரதியின் புலம்பல் கொடுக்கின்றது.

பாலித் தீவும் பிற இறுவட்டுக்களும்

இக்குறை வேற்று நாட்டுக் கதையைக் கையாளும்போதும் தொடர்தலைக் காணலாம். 2013 மே மாதத்தில் வெளிவந்த படத்தில் பீமும் தோழரும் பாலித் தீவுக்குச் செல்கின்றனர். அங்கு அரசைக் கவர்ந்த ரங்டா என்னும் சூனியக்காரியை எதிர்த்துப் பீம் வெல்கின்றான். ரங்டா பாலித் தீவு மக்களின் மரபிலுள்ள பாத்திரம். காவற் சக்தியாகிய பாரோங்கும் அழிவுச் சக்தியாகிய ரங்டாவும் பொருதும் கூத்து அங்குப் புகழ்பெற்றது. அக்கூத்தில் இரு சக்திகளுள் எதுவும் முற்றாக அழிவதில்லை. நன்மையும் தீமையும் என்றும் பொருதுகொண்டே இருக்கும் என்பது அத்தீவினரின் கொள்கை. அம்முடிவில்லாப் போருக்கு ஒரு பிற்பகலில் முடிவு கட்டிவிடுகின்றது சித்திரப் படம். பாலியின் கோலமும் உடையும் திரைக்கு வந்தன. பாலியின் மெய்யியல் வரவில்லை.

புராணச் சிறுவரைத் தலைவராகக் கொண்டு வந்த பிற படங்களையும் ஒருசிறிது நோக்கலாம். 2005 இல் வீ. ஜீ. சாமந்த் இயக்கத்தில் வெளிவந்த அனுமன் படம் மூலக் கதையைப் பெரிதும் தழுவிச் சென்றது. முனிவர் சாபத்தால் தன் வலியைத் தானே மறந்திருந்து, சாம்பவான் நினைவூட்டிய பின்னரே கடலைத் தாவினான் அனுமன் என்பது இராமாயண மரபு. தன் ஆற்றலைத் தான் அறியாதிருக்கும் வீரனும், அதனை எடுத்துரைக்கும் முதியோனும் ஒருங்கு வரும் அக்கட்டம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் என்றும் பொருந்தும். 2007 இல் அனுராக் காஷ்யப் இயக்கிய அடுத்த படத்தில், அனுமன் மாருதி என்னும் மனிதச் சிறுவனாய்ப் பிறக்கின்றான். அங்கு மூலக் கதை நெகிழ்ந்து, நகையும் சண்டையும் மிக்கன.

2009 இல் தொலைக்காட்சியில் வந்த லிட்டில் கிருஷ்ணா தொடர் 13 பகுதிகளைக் கொண்டது. பின்னர் மூன்று படங்களாகத் தொகுக்கப்பட்டு இறுவட்டிலும் வந்தது. ஒன்று விருந்தாவனத்தின் செல்வன் என்றும், மற்றையது பெரும்புகழ்ப் போர்வீரன் என்றும், மூன்றாவது வியத்தகு செயல்கள் என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களைப் பெற்றன. மூன்றனுள் இரண்டு பெயர்கள் வலிமையையே முன்னிறுத்துகின்றன. உலகளந்தவன் ஒரு தாயின் கயிற்றுக்குக் கட்டுண்டு உரலோடு நின்றதை நினைந்தன்றோ ஆழ்வார்கள் உருகினர்! வலிமை அன்பின்முன் தோற்கும் அக்காட்சியே கண்ணன் கதையின் தனிச் சிறப்பு. மீத்திற வீரன் என்னும் அச்சில் வார்க்கும்போது முதலில் வழிந்து போவதும் அதுவே.

மொழிநிலை

சோட்டா என்பதற்குச் சிறிய என்பது பொருள். தமிழில் வந்தபோதும் அச்சொல் மாறவில்லை. சிறுவீமன் என்றோ குட்டி வீமன் என்றோ எவரும் பெயர் சூட்டவில்லை. ஏனைய பாத்திரங்களின் பெயர்களும் இந்தி வடிவிலேயே நின்றன. குரல் மாற்றுவோர் வாயசைவின் அளவுக்குட் சொற்களை அடக்க வேண்டியவராதலின், அத்தமிழ் எவ்வூர்க்கும் உரியதாகாத பொதுநடையாயிற்று. அப்பாயி, அம்மாயி என்று முதியோரை அழைக்கும் மலையகக் குழந்தைக்குத் தன் வீட்டுச் சொல் ஒன்றேனும் திரையிற் கேட்பது அரிது.

குரல் மாற்றமே குற்றம் என்பது இதன் கருத்தன்று. 1982 இல் தொடங்கிய ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களக் குழந்தைகளுக்குச் செய்தளித்த பணி இதற்குச் சான்றாகும். அமெரிக்காவின் பக்ஸ் பனி என்னும் முயல் அவர் கையில் ஹா ஹா ஹரி ஹாவா ஆயிற்று. டாக்டர் டூலிட்டில் தொஸ்தர ஹொந்த ஹித, அதாவது நல்ல மனத்து வைத்தியர், ஆனார். பெயர் முதல் பேச்சு வரை யாவும் சிங்களச் சிற்றூரின் மணம் பெற்றமையால், அப்படங்கள் பிறநாட்டவை என்பதையே அக்குழந்தைகள் மறந்தனர். இலங்கைத் தமிழ்க் குழந்தைக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை. பல்கலையும் வல்ல இளைஞர் இவ்விடத்தைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இறுவட்டின் இயல்பு

தொலைக்காட்சியில் வந்த படம் வந்த பொழுதோடு போய்விடும். இறுவட்டு அங்ஙனமன்று. அது வீட்டிலேயே கிடப்பது. குழந்தை வேண்டும்போதெல்லாம் ஓடுவது. இறுவட்டின் காலம் பெரிதும் கழிந்து, அதன் இடத்தைக் கைத்தொலைபேசி பற்றிக்கொண்ட இந்நாளிலும் அவ்வியல்பு மாறவில்லை, பன்மடங்காயிற்று எனலாம். ஒரே கதையைப் பலமுறை கேட்க விழைதல் குழந்தையின் பழைய குணமே. பாட்டியிடமும் நேற்றுச் சொன்ன கதையையே இன்றும் சொல்லக் கேட்டது.

ஆயின், பாட்டி சொன்ன கதை ஒவ்வொரு நாளும் சிறிது மாறிற்று. குழந்தை பயந்தால் அரக்கன் சுருங்கினான், துணிந்தால் வளர்ந்தான். வீட்டில் ஓர் இழவு நேர்ந்த காலத்தில் கதையிலும் ஓர் அழுகை புகுந்தது. கேட்பவர் முகம் பார்த்துச் சொல்லப்பட்ட கதை அது. கூத்துக்காரரும் களரியின் மனநிலை அறிந்து புலம்பலை நீட்டுவர், குறுக்குவர். இறுவட்டு எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. நூறாம் முறையும் அதே சிரிப்பு, அதே அடி, அதே லட்டு. கதையில் விடுபட்ட ஒன்றைக் குழந்தை கேட்டாலும் அது விடை கூறாது. ஆதலால், இறுவட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதக் குரல் இருத்தல் இன்றியமையாததாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சோட்டா பீம் தொடர் தள்ளத்தக்கது என்பது முடிபன்று. முகமூடியில்லாத, தோழரைப் பிரியாத, தோற்றவனை மன்னிக்கும் ஒரு சிறுவீரனை அது குழந்தைகளுக்கு அளித்தது. தறுகணும் இசைமையும் அதனிடத்து உள்ளன. நகைச்சுவை மிக்க நேர்த்தியுடையது. கொடையும், அக்கொடைக்கு நிலமாகிய இழப்பும் அதனிடத்து இல்லை. அழுகையை அறியாத வீரம் அரைகுறை வீரம். அதனைக் கொண்டு ஒரு பிள்ளை விளையாடலாம், வாழ்தல் அரிது.

இக்குறையை நிறைத்தற்கு வேண்டியன தொலைவில் இல்லை. பீமை விரும்பும் பிள்ளைக்கு வீமனின் எஞ்சிய கதையைச் சொல்லுதல் வேண்டும். அனுமனின் வாலை அவன் தூக்க மாட்டாத கதையை நான்காம் வகுப்பிலும், பகாசுரன் கதையைக் குந்தியின் துணிவோடு ஆறாம் வகுப்பிலும், கடோற்கசன் இறந்த இரவை உயர் வகுப்பிலும் கூறலாம். மாசி மாதத்தில் காமன் பொட்டலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். படம் வரையும் கைகளும் கணினி அறிந்த இளைஞரும் மாத்தளையிலேயே உள்ளனர். பொன்னரும் சங்கரும் சித்திரப் படமாக எழுதலும் கூடும். அன்று அதனை ஆக்குவோர் வீரரின் வாட்களோடு தங்கையின் கண்ணீரையும் மறவாது தீட்டுவாராக.